சங்கிலியும் செபமாலையும்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள். ஆண்டவரின் தோற்றமாற்றத்தைத் திருச்சபை விழாவாகக் கொண்டாடும் நாள். அன்று விடியுமுன், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திவந்த மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. உள்ளிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியாமல் கருகி மாண்டோர் 28 பேர். அதன் பின்னரே அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றமும் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

இதைப் பேசும்போதெல்லாம் நம்மவருள் சிலர், "அது வேறு மதத்தாரின் மூடநம்பிக்கை, நமக்கென்ன?" என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றனர். இதை நாம் வன்மையாக மறுக்கிறோம். ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் தங்கள் நோயாளிகளை அழைத்துச் சென்றனர், இன்றும் செல்கின்றனர். அதுமட்டுமன்று. கட்டுகிற கையில் செபமாலை இருப்பதால் சங்கிலி சங்கிலி இல்லாமல் போய்விடாது.

நம் தருமபுரி மாவட்டத்தில் நடப்பதைப் பார்ப்போம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகும் இளைஞர் பலர். அவர்களில் ஒருவன் பாதியில் வீடு திரும்புகிறான். மூலையில் உட்காருகிறான். குளிப்பதில்லை, தானே பேசிக்கொள்கிறான், அண்டை வீட்டார் தனக்கு நஞ்சு வைத்துவிட்டதாகச் சொல்கிறான். "காத்துக் கருப்பு அடிச்சிருக்கு, முனி பிடிச்சிருக்கு" என்கிறது ஊர். கத்தோலிக்கக் குடும்பமும் இரவோடு இரவாக மந்திரித்துக் கயிறு கட்டி வருகிறது. பங்குச் சாமியாருக்கு மட்டும் தெரியக்கூடாது! அது பலிக்காதபோது செபவீடு. அங்கே, இது முன்னோர் சாபம் என்கிறார்கள். மருத்துவர் தந்த மாத்திரை பையில் இருந்தால், "நிறுத்து, விசுவசி" என்கிறார்கள். மாத்திரை நிற்கிறது. சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்புகிறது. அப்போது அந்தப் போதகர் அருகில் இருப்பதில்லை. தாய்தான் இருக்கிறாள்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் எந்த அதிகாரத்தில் சொன்னார்? திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1172-ஆம் விதிப்படி, ஆயரின் வெளிப்படையான தனி அனுமதியின்றி எந்தக் குருவும் முறையான பேயோட்டுதல் செய்யக்கூடாது. பொதுநிலையினர் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன் 1673-ஆம் எண்ணில், மனநோய் முற்றிலும் வேறானது, அதைக் குணப்படுத்துவது மருத்துவத்தின் பணி என்று தெளிவுபடுத்துகிறது. ஆகவே மாத்திரையைப் பிடுங்குகிறவர் மருத்துவத்தை மட்டுமல்ல, திருச்சபையின் போதனையையும் மீறுகிறார். அதை விசுவாசம் என்று அழைக்க நாம் உடன்படமாட்டோம்.

இந்நோய்க்கு மனச்சிதைவு என்று பெயர். 1908-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 'ஸ்கிசோஃபிரினியா' என்று பெயரிட்டதன் தமிழாக்கம் இது. ஒருவருக்குள் இருவர் குடியிருப்பது என்று திரைப்படங்கள் கற்பித்தது பிழை. எண்ணம், உணர்வு, செயல் ஆகியவை தம்முள் இசைவிழப்பதே சிதைவு. பிறர் கேளாத குரல் நோயாளிக்குக் கேட்கிறது. அது அவருக்கு மெய்யான குரல். பெரும்பாலும் இருபது வயதையொட்டி, வாழ்க்கை தொடங்கும் வேளையில் வந்து சேர்கிறது. பரம்பரைக் கூறு, மூளையின் வேதியியல், வாழ்க்கை நெருக்கடி, கஞ்சா எனப் பல இழைகள் சேர்ந்து நோயாகின்றன. வளர்த்த தாயின் குற்றம் இதில் இல்லை. மேலைநாட்டு மருத்துவர்களே ஒரு காலத்தில் தாயைப் பழித்தார்கள், பின்னர் கைவிட்டார்கள். நம் ஊர்கள் இன்னும் கைவிடவில்லை.

குரல் அடங்கிய பிறகும் ஒரு பகுதி மிஞ்சுகிறது. அதைத்தான் நம் மக்கள் சிறிதும் புரிந்துகொள்வதில்லை. பேச்சு குறைகிறது, முகத்தில் சலனமில்லை, எழுந்து வேலைக்குப் போகும் உந்துதல் இல்லை. "தின்றுவிட்டுத் தூங்குகிறான், சோம்பேறி" என்கிறார் தகப்பனார். அதுவும் நோயே. காலொடிந்தவனை ஏன் ஓடவில்லை என்று நாம் கேட்பதில்லை. இவர்கள் கொலை செய்வார்கள் என்ற அச்சமும் மிகையானது. பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, பிறரால் அடிபடுகிறவர்களே அதிகம்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. 1500 பேர் உள்ள பங்கில் ஐவர் இருக்கக்கூடும். ஞாயிறு திருப்பலியில் அந்த ஐவரும் எங்கே?

அவர்களில் சிலரை மணமேடையில் ஏற்றிவிடுகிறோம். "கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்பது நம் நாட்டு வைத்தியம். நோயை மறைத்து, ஓலை வாசிக்கும்போதும் வாய்திறவாமல், பிறந்த வீட்டின் சுமையை முன்பின் அறியாத ஒரு பெண்ணின் தலையில் ஏற்றுகிறோம். நோயுற்றவள் பெண்ணாயின், ஓரிரு மாதத்தில் திருப்பி அனுப்பப்படுகிறாள். முக்கியமானதை வஞ்சகமாக மறைத்துச் செய்யும் திருமணம் செல்லாததாகக்கூடும் என்பது 1098-ஆம் விதி. நோயுற்றோர் மணம் முடிக்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. மருந்தோடு நலமாய் வாழ்ந்து, துணைவரிடம் உள்ளதைச் சொல்லி மணந்தோர் உண்டு. பொய்யின் மேல் கட்டும் வீட்டைத்தான் எதிர்க்கிறோம்.

"மாத்திரை ஆளை மந்தமாக்குகிறதே, சாமி?" என்று கேட்பார்கள். உண்மைதான். தூக்கம் வரும், கை நடுங்கும், உடல் பெருக்கும். 1952-இல் பாரிஸில் முதன்முதலாக இந்நோய்க்குக் குளோர்புரோமசின் கொடுக்கப்பட்டது முதல் இக்குறை இருந்தே வருகிறது. மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார், மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. சிகிச்சை எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு மீட்பு கடினம். கயிற்றுக்கும் செபவீட்டுக்கும் அலைந்து கழிந்த ஆண்டுகள் திரும்பி வரா.

சங்கிலி பூட்டும் தாயை ஏசுவதும் எளிது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில், மகன் நெடுஞ்சாலையில் இறங்கிவிடுவானோ என்று அஞ்சிக் கட்டிவைக்கிற தாய்க்கு அச்சட்டம் யாரைத் துணைக்கு அனுப்பியது? கட்டியவள் அவளே. கட்டும்படி தனித்து விட்டதில் நமக்கும் பங்குண்டு.

புனிதத் தலத்தில் குறையில்லை; அங்கே நாம் செய்வதில்தான் குறை. பெல்ஜியம் நாட்டில் கேல் என்ற சிற்றூர். மனநோயாளரின் பாதுகாவலியான புனித திம்ப்னாவின் திருத்தலம் அது. இடைக்காலத்தில் அங்கு வந்து குவிந்த நோயாளிகளுக்கு இடம் போதாமல், ஊரார் தங்கள் வீடுகளில் தங்கவைத்தனர். வழக்கம் இன்றளவும் தொடர்கிறது; மருத்துவமனை துணைநிற்க, நோயாளி அடுத்தவர் வீட்டு மேசையில் உண்கிறார். ஏர்வாடியும் திருத்தலம், கேலும் திருத்தலம்.

"இயேசு பேய் ஓட்டவில்லையா?" என்று நம்மை மடக்கும் அன்பர்கள் மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை மீண்டும் படிக்கட்டும். கெரசேனர் நாட்டில் அம்மனிதனுக்கு விலங்கு மாட்டியது யார்? அவன் ஊரார். கல்லறைகளிடையே திரியவிட்டதும் அவர்களே. அவன் ஆடை அணிந்து தெளிந்த மனத்தோடு உட்கார்ந்திருந்ததைக் கண்டபோது, அவர்களுக்கு மகிழ்ச்சி வரவில்லை, அச்சம் வந்தது. ஆண்டவரையே ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அவரோ, கூடவே வர விரும்பிய அவனைச் சீடர் கூட்டத்தில் சேர்க்கவில்லை. உன் வீட்டாரிடம் போ என்று அனுப்பினார். அவன் போய்ச் சேர்ந்த வீட்டில் கதவைத் திறந்தார்களா என்று மாற்கு எழுதவில்லை.

அன்பியக் கூட்டம் மாதந்தோறும் வீடு வீடாகச் சுற்றிவருகிறது. ஒவ்வொரு பங்கிலும் அந்தச் சுற்றில் விடுபடுகிற ஒரு வீடு உண்டு. "அங்கே பையன் சரியில்லை சாமி" என்று தாழ்ந்த குரலில் காரணம் சொல்லப்படும். அடுத்த மாதக் கூட்டத்தை அந்த வீட்டில் வையுங்கள். மருத்துவமனை நாளன்று தாயோடு தருமபுரிக்குப் பேருந்தில் ஒருவர் போய் வாருங்கள். அவள் கூலிக்குப் போகும் நாளில் இன்னொருவர் அந்தத் திண்ணையில் உட்காருங்கள். செபமாலையை அங்கேயே சொல்லலாம்.