போன வாக்காளரைத் திருப்பி அழைக்கும் விலை

2024 ஜூலை 4 பிரித்தானியப் பொதுத்தேர்தலைத் தொழிற்கட்சியின் பெருவெற்றி என்றே பலரும் எழுதினார்கள். எண்களைப் பார்த்தால் கதை வேறு. 2019 இல் தோற்றபோது தொழிற்கட்சி பெற்றது 10.3 மில்லியன் வாக்குகள். 2024 இல் 411 ஆசனங்களுடன் வென்றபோது பெற்றதோ 9.7 மில்லியன். கொன்சர்வேட்டிவ் கட்சிதான் 14 மில்லியனிலிருந்து 6.8 மில்லியனுக்கு வீழ்ந்தது. 365 ஆசனங்கள் 121 ஆயின. எதிராளி வளரவில்லை, சொந்த வீட்டார் வெளியேறிவிட்டார்கள்.

அவர்கள் ஒரே இடத்துக்குப் போகவில்லை. ஒரு பகுதியினர் ஃபராஜின் ரிஃபோர்ம் கட்சிக்குப் போனார்கள். இன்னொரு பகுதியினர் லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு. பலர் வாக்களிக்கவே போகவில்லை. வாக்களிப்பு வீதம் 67 இலிருந்து 60 ஆகக் குறைந்தது.

இவர்களை அழைக்க ரிஷி சுனக்கின் அணி கையாண்டது பயமுறுத்தல். ரிஃபோர்முக்குப் போட்டால் ஸ்டார்மர் வருவார், தொழிற்கட்சிக்கு மிதமிஞ்சிய பெரும்பான்மை கிடைக்கும் என்றார்கள். கணக்குப்படி அது பொய்யல்ல. லிஸ் ட்ரஸ் தன் தொகுதியில் 630 வாக்குகளால் தோற்றார், அங்கே ரிஃபோர்ம் ஏறத்தாழ பத்தாயிரம் வாக்குகள் எடுத்திருந்தது. ஆனாலும் பயம் வேலை செய்யவில்லை. முடக்ககால விருந்துகளையும், 2022 செப்டம்பர் வரவுசெலவு அறிவிப்புக்குப் பின் ஏறிய வீட்டுக்கடன் வட்டியையும் மக்கள் மறக்கவில்லை. வராக்கடனை ஏட்டில் வைத்துக்கொண்டு இலாபம் காட்டினால் யார் நம்புவார்?

இப்போது கெமி பேடனொக்கின் தலைமை வேறு வழியில் போகிறது. ரிஃபோர்முக்குப் போனவர்களை இழுக்க, நிரந்தர வதிவிடத்துக்கான காலத்தை 5 ஆண்டிலிருந்து 10 ஆக்க வேண்டும் என்று 2025 பெப்ரவரியில் கேட்டது. சில மாதங்களில் தொழிற்கட்சி அரசும் அதே 10 ஆண்டுகளை முன்வைத்தது. அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்திலிருந்து விலகுவோம் என்று கொன்சர்வேட்டிவ் கட்சி அறிவித்தது. 2008 இல் ஓர் ஈழத்தமிழரைத் திருப்பி அனுப்புவது சித்திரவதைத் தடைக்கு முரணானது என்று ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றம் சொன்னது அந்தச் சாசனத்தை வைத்துத்தான். அவர்கள் தம் வாக்காளரைத் திருப்பி அழைக்கக் கொடுக்கும் விலை எங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பிலிருந்து போகிறது.

இந்த வழி கட்சிக்கும் இலாபமல்ல. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் ரிஃபோர்ம் 677 ஆசனங்களை அள்ளியது. அசல் கடை திறந்திருக்க நகலை ஏன் வாங்குவான்? மாறாக, 2024 இல் கொன்சர்வேட்டிவ் வேட்பாளர் பாதிக்கு மேல் வாக்குப் பெற்ற ஒரே தொகுதி ஹரோ கிழக்கு. குடியேறியோர் நிறைந்த இடம், எம்மவரும் வாழும் இடம். 2010 முதல் அதே உறுப்பினர், வாக்காளருக்குத் தெரிந்த முகம். சோர்ந்த வாக்காளரை எழுப்ப வழி இதுதான்: தவறை ஒப்புக்கொள்வது, ஊரறிந்த ஆளை நிறுத்துவது, தேர்தல் இல்லாத நாளிலும் கதவைத் தட்டுவது.

நாமும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர்கள்தான். வதிவிட அனுமதியுள்ள இலங்கைக் குடியுரிமையாளரும் பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில் இங்கு வாக்களிக்கலாம். பதிவு செய்யுங்கள், புகைப்பட அடையாள அட்டையைத் தேடி வையுங்கள். எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும், சாசனம் பற்றி உங்கள் நிலை என்ன என்று முதலில் கேளுங்கள்.