பெல்ட் போடாதது யார் குற்றம்?

மின்கம்பத்தில் வேலை பார்த்த ஒருவர் கீழே விழுந்து இறந்துபோனால், மறுநாள் செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: பாதுகாப்பு உபகரணம் அணியாமல் பணியில் ஈடுபட்டதாகக் கூறப்படுகிறது. துறை விசாரணையும் அந்த வரியைச் சுற்றியே போய் முடிகிறது. கையுறை போடவில்லை, பெல்ட் மாட்டவில்லை, ஆகவே கவனக்குறைவு. இறந்தவர் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. குடும்பத்துக்கு ஒரு தொகை, வாரிசு வேலைக்கு ஒரு மனு, கோப்பு மூடல். இதை அநியாயம் என்றே சொல்ல வேண்டும். ஏன் போடவில்லை என்று கேட்காதவரை, போடவில்லை என்று எழுதும் தகுதி எந்த அதிகாரிக்கும் கிடையாது.

தாழ்வழுத்தப் பாதைக்கு 8 மீட்டர், உயரழுத்தப் பாதைக்கு 9.1 மீட்டர் என்று நம் ஊர்களில் நடப்படும் சிமென்ட் கம்பங்களில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போய்விடும். மிச்சம் இரண்டு மாடி உயரம். ஏணி சாத்த இடமிருந்தால் ஏணி. வயல் வரப்பிலும் சேற்றிலும் கயிறும் கால்விரலும்தான். கம்பம் உருண்டையாக இருந்தாலாவது தொடை அணைத்துக்கொள்ளும். இதுவோ செவ்வகம், மேலே போகப் போகச் சிறுக்கும், விளிம்புகள் தோலை உரசும். உச்சிக்குப் போனதும் கயிற்றைக் கம்பத்தைச் சுற்றி மாட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டு உடைந்த பீங்கானைக் கழற்ற வேண்டும், அறுந்த ஜம்பரை முறுக்க வேண்டும். அந்த அரை மணி, முக்கால் மணி நேரமும் உடல் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது இடுப்பில் கட்டிய ஒரு பட்டை. கூடவே கட்டிங் பிளேயர், ஸ்பேனர், சாமான் தூக்கும் கைக்கயிறு. பட்டை மெல்ல மேலேறி விலாவுக்கடியில் வந்து நிற்கும். ஆழமாக மூச்சு இழுக்க முடியாது. வேர்வையில் ஊறிய ஓரம் தோலை அறுக்கும். வேலை முடிந்து இறங்கியவர் சட்டையைத் தூக்கிக் காட்டினால் சிவந்த தடம் தெரியும்.

இதைவிட மோசமான இடம் கம்பத்தின் நடுவில் இருக்கிறது. இன்றைக்கு எந்தத் தெருக்கம்பத்தை எடுத்துக்கொண்டாலும் கேபிள் டிவி ஒயரும் இணைய ஒயரும் சுருள் சுருளாகக் கட்டித் தொங்குகின்றன. அதற்கு மேல் தெருவிளக்கு, ஸ்டே கம்பி, கிராஸ் ஆர்ம். கயிற்றை மாட்டிக்கொண்டே ஏறினால், ஒவ்வொரு தடையையும் தாண்ட அதைக் கழற்றி மேலே போய் மறுபடி மாட்ட வேண்டும். கழற்றிய அந்தச் சில விநாடிகளில் ஆளைத் தாங்கிக்கொண்டிருப்பது அவருடைய ஒரு கை மட்டும். இரண்டு கயிறு கொடுத்திருந்தால், தடைக்கு மேலே ஒன்றை மாட்டிய பிறகு கீழே இருப்பதைக் கழற்றலாம். ஒரு கணமும் பிடியின்றி நிற்க வேண்டாம். இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. ஒற்றைக் கயிறு பெல்ட்டை வாங்க ஒப்புதல் கொடுத்தவர்கள் ஒரு தடவை கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்திருந்தால் போதும்.

வலிக்கிறது என்று தொழிலாளி சொன்னால், வேலைக்குச் சாக்குச் சொல்கிறான் என்று நினைக்கும் மனநிலை நம் அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. நாள்தோறும் பல கம்பம் ஏறி இறங்குகிறவர், ஒவ்வொரு முறையும் வலி தரும் ஒன்றை நாளடைவில் கழற்றி வைத்துவிடுவார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ரப்பர் கையுறையின் கதையும் இதுதான். உயரழுத்தத்துக்கான தடித்த கையுறைக்குள் விரல் வேர்த்து வழுக்கும். சின்ன நட்டு பிடிபடாது. இரண்டு தடவை கைதவறினால் மூன்றாம் தடவை கையுறை பாக்கெட்டுக்குள் போய்விடும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், மின்பாதையில் வேலை செய்பவருக்குக் கையுறை, பாதுகாப்பு பெல்ட், ஏணி, தலைக்கவசம், எர்த் செய்யும் சாதனம் எல்லாம் தரப்பட வேண்டும், அவை எப்போதும் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. பிரிவு அலுவலக அலமாரியில் பிரிக்கப்படாத உறைக்குள் இருக்கும் பெல்ட்டும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. பதிவேட்டிலும் ‘வழங்கப்பட்டது’ என்று கையெழுத்து இருக்கிறது. சட்டத்துக்கு இது போதும் என்றாலும், நியாயத்துக்குப் போதாது.

வெறும் இடுப்பு பெல்ட்டே போதுமா என்ற கேள்வி தனி. பாதையில் மின்சாரம் நிறுத்தப்பட்டதற்கான எல்.சி. (லைன் கிளியர்) வாங்கிக்கொண்டுதான் ஏறியிருப்பார், யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டர் சரியான சுவிட்ச் இல்லாமல் பாதைக்குள் கரண்டைத் திருப்பி அனுப்பிவிடும். ஷாக்கில் கை நழுவி விழும்போது, இடுப்புப் பட்டை விழும் விசை முழுவதையும் வயிற்றில் இறக்குகிறது. உள்ளுறுப்பு சிதையலாம்; உடம்பு இரண்டாக மடங்கிப் பட்டையிலிருந்து நழுவியும் போகலாம். விழுபவரைத் தடுத்து நிறுத்தும் சாதனமாக இடுப்புப் பட்டையை அமெரிக்கக் கட்டுமானத் துறை 1998 ஜனவரி 1 முதல் தடை செய்தது. தோளையும் மார்பையும் தொடையையும் சேர்த்துப் பிணைக்கும் முழு உடல் பெல்ட் அந்த விசையைப் பகிர்ந்துவிடும். ஆனால் அதைக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடவும் முடியாது. நினைவு தப்பித் தொங்குகிறவரின் கால்கள் அசையாதபோது ரத்தம் கீழேயே தேங்கும். அரை மணி நேரத்துக்குள் உயிரே போகலாம் என்று அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 2004-இல் எச்சரித்தது. தொடைப் பட்டை எவ்வளவு அகலம், எங்கே அழுத்துகிறது, காலை ஊன்றி நிற்க ஒரு வளையம் இருக்கிறதா என்பதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கீழே நிற்பவருக்கு ஆளை இறக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருக்க நேரம் கிடையாது.

அமெரிக்காவிலும் எல்லாம் ஆதியிலிருந்தே ஒழுங்காக இருந்துவிடவில்லை. தேர்ந்த லைன்மேன் உச்சி சேரும்வரை எதையும் மாட்டாமல் ஏறலாம் என்ற பழைய வழக்கம் 2015 ஏப்ரல் 1 முதல்தான் அங்கே பொதுவிதியாக ஒழிந்தது. ஆனால் அவர்களுடைய சாதனத்தை அப்படியே வாங்கி நம்மவருக்கு மாட்டிவிட முடியாது. அவர்கள் ஏறுவது பெரும்பாலும் உருண்டை மரக்கம்பம். காலில் கட்டிய இரும்பு முள்ளைக் குத்தி ஏறுவார்கள், பட்டை மரத்தைச் சுற்றி இறுக்கும். நம் சிமென்ட்டில் முள் இறங்காது. குளிர்நாட்டு உடம்புக்கு வைத்த தடித்த மெத்தை வேலூர் வெயிலில் வேர்வையைக் குடித்துக் கனக்கும். நம் கம்பத்துக்கும் நம் வெயிலுக்கும் நம் ஆட்களின் உடம்புக்கும் ஏற்றதை நாம்தான் வடிவமைத்தாக வேண்டும்.

முடியாத காரியமா? தென்னைக்கு முடிந்திருக்கிறதே. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த விவசாயி எம்.ஜே. ஜோசப் உருவாக்கிய மரம் ஏறும் கருவி, ஏறத் தெரியாதவர்களையும் தென்னை உச்சிக்குக் கொண்டுபோகிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் பெண்களும் கருவியின் துணையோடு மரம் ஏறக் கற்றுக்கொண்டார்கள். காய் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்றதும் கருவி வந்தது. கம்பம் ஏற ஆள் கிடைத்துக்கொண்டே இருப்பதால்தான் அதற்கு யாரும் மெனக்கெடவில்லை என்று தோன்றுகிறது. கசப்பாக இருந்தாலும் இதுவே உண்மை.

அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நம் மக்களுக்கேற்ற செருப்பு அளவைத் தீர்மானிக்க நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்திருக்கிறது. கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சென்னை ஐஐடியில், பயன்படுத்துபவரின் உடலளவுக்கேற்ப அமையும் ‘நியோஃப்ளை’ சக்கர நாற்காலியை உருவாக்கியிருக்கிறார்கள். உலகத்துக்கே சட்டை தைத்து அனுப்பும் திருப்பூர் இருக்கிறது. இந்த நான்கு தரப்பினரையும் ஒரு கம்பியாளரோடு ஒரே மேசையில் உட்கார வைக்க நம் அரசுக்குத் தோன்றாதது ஏன் என்பதுதான் நம் கேள்வி.

தோன்றாததற்கு ஒரு காரணம் கொள்முதல் முறை. குறைந்த விலை கேட்டவருக்கு ஆர்டர். ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண் பொறித்திருந்தால் பெல்ட்டின் வலிமையை நம்பலாம். ஒல்லியான இளைஞருக்கும் தொப்பை விழுந்த ஃபோர்மேனுக்கும் அது பொருந்துகிறதா என்பதை மாட்டி ஏறிப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். மாட்டி ஏறிப் பார்ப்பவருக்கு டெண்டர் குழுவில் நாற்காலி கிடையாது.

லைன்மேன்களிடம் வீம்பே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. பெல்ட் இல்லாமல் ஏறுவதைக் கெட்டிக்காரத்தனமாக எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வந்தவர் பெல்ட்டைத் தேடினால் கேலி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தொழிற்சங்கங்கள் இதை உள்ளுக்குள் பேசித் தீர்க்க வேண்டும். ஆனால் அந்த வீம்பை வளர்த்துவிட்டதில் நிர்வாகத்துக்கும், நமக்கும்கூடப் பங்கு உண்டு. கரண்ட் போன பத்தாவது நிமிடம் போன் போட்டுக் கத்துகிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தபோது, டெல்டாவுக்கு வெளிமாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்து கழுத்தளவு நீரிலும் சேற்றிலும் நின்றவர்களை எல்லாரும் பாராட்டினோம். பாராட்டு தீர்ந்ததும் அவர்கள் இடுப்பில் என்ன கட்டியிருந்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் மோசம். பதிவேட்டில்கூட அவருக்கு பெல்ட் இல்லை. குழி தோண்டவும் கம்பம் நடவும் எடுக்கப்பட்ட கேங்மேன்களைப் பாதை வேலைக்கும் ஏற்றுகிறார்கள் என்ற புகார் ஆண்டுக்கணக்கில் கேட்கிறது. தொழிலாளியின் உடல்நலம் அடிப்படை உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

மேலே தூக்கிச் செல்லும் வண்டியும் தரைக்கடிக் கேபிளும் வந்தால் கம்பம் ஏறும் வேலையே இருக்காது என்பார்கள். வரட்டும், நல்லது. வரப்பு வழியாகப் போகும் பாதைக்கும் வண்டி திரும்ப முடியாத சந்துக்கும் அதுவரை ஒரு மனிதர்தான் ஏறியாக வேண்டும்.

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்கு நாம் வைக்கும் கோரிக்கை பெரிய செலவுக்குரியது ஒன்றுமில்லை. அடுத்த பெல்ட் டெண்டருக்கு முன் கடலோரம், டெல்டா, மலை, வறண்ட மாவட்டம் என்று நான்கு இடங்களில், நிரந்தர ஊழியரும் கேங்மேனும் ஒப்பந்தத் தொழிலாளியும் மாதிரிகளை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அணிந்து வேலை செய்து பார்க்கட்டும். அவர்கள் வேண்டாம் என்றதை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். அளவு பார்த்துக் கொடுங்கள். ஒப்பந்தக்காரர் ஆட்களுக்கும் கொடுங்கள். விபத்து அறிக்கையில் ‘பெல்ட் அணியவில்லை’ என்று எழுத நேர்ந்தால், அதற்கு முன்னால் எந்த பெல்ட், என்ன அளவு, எப்போது கொடுத்தது, அதை அவர் ஏன் கழற்றி வைத்தார் என்று நான்கு வரி எழுதுங்கள். அந்த நான்கு வரி இல்லாத அறிக்கையில் எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடக் கூடாது.