கூப்பிடு தூரம்



ஐப்பசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இந்த நாட்களில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் கஜா புயலை நினைக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயல், கறம்பக்குடி, ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி வட்டாரங்களைப் புரட்டிப் போட்டது. விழுந்த தென்னையையும் பலாவையும் முந்திரியையும் பற்றி நிறையப் பேசிவிட்டோம். மின்கம்பங்கள் சாய்ந்ததும் செல்போன் கோபுரங்கள் ஓய்ந்துபோனதைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. ஜெனரேட்டர் ஓடிய இடங்களில் சார்ஜ் போட வரிசையில் நின்றோம். சார்ஜ் ஏறியும் சிக்னல் வரவில்லை. அடுத்த ஊரில் வாக்கப்பட்ட மகளின் வீடு நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள, சாலையில் கிடந்த மரங்களைத் தாண்டி ஆள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது.

பல ஆண்டுகளாக நான் ஈடுபட்டிருக்கும் ஹாம் ரேடியோ என்ற அமெச்சூர் வானொலிப் பொழுதுபோக்கு பற்றி இந்த மாதம் எழுதத் தோன்றியது அதனால்தான்.

ஹாம் ரேடியோ என்றதும் ஜப்பானோடும் அமெரிக்காவோடும் பேசுவதைத்தான் பலர் நினைக்கிறார்கள். அது சிற்றலையின் வேலை. என் மனசுக்கு நெருக்கமானது விஎச்எஃப். அதிகம் போனால் பக்கத்து ஊர், பக்கத்து மாவட்டம் என்று நின்றுவிடும் அலை. நம் நாட்டில் அமெச்சூர்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். அலைநீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் என்பதால் எங்களுக்குள் அதன் பெயர் ‘டூ மீட்டர்’.

இந்த அலையின் குணம் உங்களுக்கும் தெரிந்ததுதான். நாம் கேட்கும் எஃப்எம் ரேடியோவும் விஎச்எஃப் வகையே. கொடைக்கானலிலிருந்து வரும் கோடைப் பண்பலை 100.5 அத்தனை மாவட்டங்களில் கேட்கிறதென்றால், மலையின் உயரம்தான் முக்கியக் காரணம். விஎச்எஃப் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைத்துவிட்டால் அதற்கு மேல் எட்டாது. தெருவில் நின்றபடி கையடக்க செட்டில் பேசினால் இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டுவதே பெரிய விஷயம். இரண்டு வீட்டு மாடிகளில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா நின்றால், கணக்குப்படி சுமார் 26 கிலோமீட்டர் எட்டும். புதுக்கோட்டையில் இருப்பவர் ஆலங்குடியோடு பேசிவிடலாம். அறந்தாங்கி நேராகக் கேட்கவில்லையென்றால், ஆலங்குடிக்காரர் நடுவில் இருந்து இரண்டு பக்கத்துக்கும் எடுத்துச் சொல்வார். இதைத்தான் ரிலே என்கிறோம். கோபுரம், கேபிள், கம்பெனி எதுவும் இடையில் வேண்டியதில்லை. செட்டுக்குத் தேவை 12 வோல்ட் பேட்டரி ஒன்று.

சாயங்காலம் வேலை முடிந்து செட்டைப் போட்டதும் முதலில் கொஞ்ச நேரம் கேட்பேன். யாரும் பேசவில்லை என்று உறுதியான பிறகுதான் ‘விக்டர் யூனிஃபார்ம்’ என்று தொடங்கும் என் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிடுவேன். கேட்கும் தூரத்தில் யாராவது இருந்தால் பதில் வரும். பித்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். அதனால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருந்தே ஆக வேண்டும். முடித்த பிறகும் ஓரிரு நொடி விட்டுத்தான் அடுத்தவர் தொடங்குவார். அவசரச் செய்தி உள்ளவர் அந்த இடைவெளியில் ‘பிரேக்’ என்று சொல்லி உள்ளே வரலாம்.

பேச்செல்லாம் சாதாரணப் பேச்சுதான். கறம்பக்குடிப் பக்கம் மழை இறங்கிவிட்டதா, கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததா, நேற்று மாற்றிய ஆன்டெனாவில் குரல் எப்படி இருக்கிறது என்று போகும். வியாபாரம் பேசக் கூடாது, சினிமாப் பாட்டு போடக் கூடாது, சங்கேத மொழியில் பேசக் கூடாது. தேதி, நேரம், அலைவரிசை, எதிர்முனையின் அழைப்புக்குறி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்போம். விடைபெறும்போது ‘செவன்ட்டி த்ரீ’ என்போம். தந்திக் காலத்திலிருந்து வரும் வாழ்த்து அது.

இந்தப் பொழுதுபோக்கில் கைவேலைக்கும் நிறைய இடம் உண்டு. டூ மீட்டருக்கு எளிய ஆன்டெனா செய்ய ஒரு சாக்கெட்டும் அரை மீட்டர் அளவில் ஐந்து அலுமினியக் கம்பிகளும் போதும். ஒன்று நடுவில் நேராக நிற்கும். மற்ற நான்கையும் கீழ்நோக்கி 45 டிகிரி சாய்த்து வைத்தால் கேபிளின் 50 ஓமோடு பொருந்தி வரும். நடுக்கம்பியை முதலில் கொஞ்சம் நீளமாகவே விட வேண்டும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே மில்லிமீட்டர் கணக்கில் அரத்தால் ராவிக்கொண்டு வந்தால், திரும்பி வரும் சக்தி குறைந்து முள் ‘1’ என்ற எண்ணை நோக்கி இறங்கும். ஒருமுறை இதைச் செய்து பார்த்த பிள்ளைக்கு இயற்பியல் புத்தகத்து அலைநீளம் ஒருநாளும் மறக்காது.

சில நாட்களில் இந்தக் குட்டி அலை தன் எல்லையையும் மீறும். காற்று அசையாத காலை வேளைகளில் கடல் மேல் ஈரக் காற்றும், அதன் மேல் சூடான உலர்ந்த காற்றும் அடுக்காக நின்றால், விஎச்எஃப் அந்த இடைவெளியில் சிக்கி வெகுதூரம் ஓடும். எண்பதுகளில் நம் கடற்கரை ஊர்களில் உயரக் கம்பத்தில் ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாகினி பார்த்தவர்களுக்கு இது புரியும். பாக் நீரிணைக்கு அந்தப்புறத்திலிருந்து ‘ஃபோர் எஸ்’ என்று தொடங்கும் இலங்கை அழைப்புக்குறி காதில் விழுந்தால் அன்று முழுக்க எனக்குத் திருவிழாதான்.

மேலே பார்த்தாலும் வாய்ப்பு உண்டு. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் ஹாம் ஒலிபரப்பு வரும். நம் தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடத்துக்குள் கையடக்க செட்டிலேயே அதைக் கேட்கலாம். 2025 ஜூலையில் அங்கிருந்த நம் சுபான்ஷு சுக்லா ஹாம் ரேடியோ வழியாக இந்திய மாணவர்களோடு பேசினார். அதற்கு 20 ஆண்டு முன்பே, 2005 மே 5 அன்று, ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற செயற்கைக்கோளை இஸ்ரோ ஏவியது. இரண்டாண்டு ஆயுள் எதிர்பார்த்து அனுப்பியது 2014 வரை உழைத்தது.

தமிழ் மண்ணுக்கு ரேடியோ ஆர்வம் புதிதும் அல்ல. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், அரசு வானொலி வருவதற்கு முன்பே சென்னையில் ஒலிபரப்பு நடத்திக் காட்டியது.

இத்தனை நாள் பொழுதுபோக்கு எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு நான் அந்தமானைச் சொல்வேன். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் தன் குழுவினரோடு போர்ட் பிளேர் போயிருந்தார். உலக ஹாம்களோடு அந்தமானிலிருந்து பேச வேண்டும் என்பதே நோக்கம். 26-ஆம் தேதி காலையில் பூமி அதிர்ந்தது, சுனாமி வந்தது, வழக்கமான தொடர்புகள் அறுந்தன. அவர்களுடைய நிலையம் தீவுகளின் செய்தியைப் பெருநிலத்துக்கும், அங்கே சிக்கியவர்களின் நலத்தை வீட்டாருக்கும் கொண்டுசேர்த்தது. இது முடிந்ததற்குக் காரணம், ஆன்டெனா ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது, செட் இயங்கிக்கொண்டிருந்தது, பேசுபவருக்குப் பழக்கம் இருந்தது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். புயல் அன்று செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தால் பயன் இல்லை. எந்த மாடியிலிருந்து எந்த ஊர் கேட்கும், எந்தக் குரல் எங்கிருந்து வரும், யார் ரிலே செய்வார் என்பதெல்லாம் தினப்படிப் பேச்சில்தான் தெரியவரும். கண்மாய்த் தண்ணீரைப் பற்றி அன்றாடம் பேசுகிறவர்களால்தான், கரை உடைந்தது என்ற செய்தியையும் பதறாமல் சுருக்கமாகச் சொல்ல முடியும்.

வழி எளிது. 12 வயது நிறைந்தவர்கள் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் அமெச்சூர் தேர்வை எழுதலாம். மோர்ஸ் தேர்வு இல்லாத ரெஸ்ட்ரிக்டட் பிரிவே விஎச்எஃப்-க்குப் போதும். விண்ணப்பிக்க ‘சரள் சஞ்சார்’ இணையதளம் இருக்கிறது. உரிமம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம் என்பதால் இப்போதே தொடங்குங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று உரிமம் இல்லாமல் செட் வாங்கிப் பேசாதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

இயற்பியல் ஆசிரியர்களே, கல்லூரிப் பேராசிரியர்களே, உங்கள் மாணவர்களில் நாலு பேரையாவது இந்தத் தேர்வுக்கு உட்கார வையுங்கள். நம் மாவட்டத்தில் 12 வட்டங்கள் இருக்கின்றன. வட்டத்துக்கு ஒரு மாடியில் ஆன்டெனாவும், அதன் கீழே தினமும் பேசிப் பழகிய ஒருவரும் இருந்தால், அடுத்த புயலில் எந்த ஊரும் தனித்து விடப்படாது.

அன்புடன்,
ஆசிரியர்