அடிமேல் அடி அடித்தால்...

“அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்” என்பது நம் முன்னோர் வாக்கு. விடாமுயற்சியைப் பற்றிப் பேசும் மேடைகளில் இப்பழமொழி தவறாமல் இடம்பெறும். ஆனால், கற்கால மனிதன் ஒருவன் அம்மேடைக்குக் கீழே அமர்ந்திருந்தால் என்ன செய்திருப்பான்? மெல்லச் சிரித்திருப்பான். கல்லில் அம்பு முனை செய்பவனுக்கு, ஒரே இடத்தில் அடிமேல் அடி அடிப்பதைவிடப் பெரிய கேடு வேறில்லை. அது ஏன் என்பதையும், அதனை முன்னிட்டு மாணவர்களாகிய நாம் செய்ய வேண்டியது என்ன என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அம்மி கொத்துபவர் சிற்றுளியால் கருங்கல்லைத் தட்டத் தட்ட, உளி பட்ட இடம் பொடிப்பொடியாக உதிர்ந்து வழிக்கு வருகிறது. கருங்கல் பருமணிகளால் ஆனது. அதற்குப் பழமொழி பொருந்தும். அம்பு முனைக்கு உகந்த செர்ட், அகேட் போன்ற கற்களோ வேறு இனம். அவை கண்ணாடியைப் போல் உடைபவை. ஓரத்தில் ஓர் அடி விழுந்தால் அதன் விசை கல்லினுள் பரவி, சிப்பி ஓடு போல் வளைந்த ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வெளியேறும். சில்லு நீண்டு மெல்லியதாகப் பெயர்ந்தால் முனை மெலியும், தொழில் வெற்றி.

எப்போதும் அப்படி நடப்பதில்லை. அடி தளர்ந்தாலோ, கோணம் பிசகினாலோ, ஓரம் நொய்ந்திருந்தாலோ, கல்லுக்குள்ளேயே விரிசல் ஒளிந்திருந்தாலோ சில்லு பாதி வழியில் ஒடிந்துவிடும். ஒடிந்த இடத்தில் மாடிப்படியைப் போல ஒரு ‘படி’ நிற்கும். அடுத்த சில்லும் அதே படியில் வந்து முட்டி ஒடியும். இப்படிப் படிமேல் படி சேர்ந்து, முனையின் நடுவே ஒரு மேடு கட்டிவிடும். சுற்றிலும் கல் தேய்ந்துகொண்டே போக, மேடு மட்டும் அசையாமல் முரண்டு பிடிக்கும். ஆத்திரப்பட்டு ஓங்கி அடித்தால் மேடு போவதில்லை. முனைதான் இரண்டாகப் போகிறது!

இந்தப் பிடிவாதக் குறைக்கு மருந்து என்ன? பலம் அன்று, வழிமாற்றமே மருந்து. முதலில் அடிப்பதை நிறுத்த வேண்டும். நொய்ந்த ஓரத்தைச் சொரசொரப்பான ஒரு கல்லால் தேய்த்து, அடி தாங்கும் வலுவை அதற்கு அளிக்க வேண்டும். பிறகு எதிர் ஓரத்திலிருந்து தட்ட வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து புறப்படும் சில்லு படியின் அடியில் நுழைந்து மேட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். அதுவும் பயனளிக்காவிடில், மேட்டின் இருபுறமும் சிறு சில்லுகளை எடுத்து அதைத் தனிமைப்படுத்தலாம். இறுதி வேலையில், தட்டுவதை விட்டு எலும்பு அல்லது கொம்பின் முனையால் ஓரத்தை அழுத்திச் சிறு சில்லுகளாகப் பெயர்ப்பதும் உண்டு. தென்னாப்பிரிக்கக் குகைகளில் வாழ்ந்தோர் 70,000 ஆண்டுகளுக்கும் முன்பே கல்லைப் பக்குவமாகச் சூடேற்றி, அதன் முரண்டைத் தணித்திருக்கிறார்கள். குஜராத்தின் கம்பாத் நகர மணித் தொழிலாளர் இன்றும் அகேட் கல்லைச் சூடேற்றிய பின்னரே வேலை செய்கின்றனர். தரையில் ஊன்றிய இரும்பு முனையில் கல்லைச் சாய்த்து வைத்து, எருமைக் கொம்புச் சுத்தியலால் மெல்லத் தட்டுகின்றனர்.

பனியன் தொழிலை அறிந்த நமக்கு ஒரு வேறுபாடு எளிதில் விளங்கும். தையல் தவறினால் நூலைப் பிரித்து மறுபடி தைக்கிறோம். பின்னல் எந்திரத்தில் ஊசி முறிந்து துணியில் கோடு விழுந்தால், எந்திரத்தை நிறுத்தி ஊசியை மாற்றுகிறோம். கல்லில் பிரித்துத் தைக்க வழியில்லை. பெயர்ந்த சில்லைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முனையின் அகலத்தில் சிறிது விலையாகக் கொடுக்க வேண்டும். ஆகவே, எந்தக் குறையைத் திருத்துவது, எந்தக் குறையோடு வாழ்வது, எந்தக் கல்லைக் கைவிடுவது என்ற தீர்ப்பு கைவினைஞனுக்கு ஒவ்வொரு நொடியும் வேண்டியிருந்தது. இத்தகைய தீர்ப்பு வழங்கிய மனிதனைக் ‘காட்டுமிராண்டி’ என்று நாம் அழைப்பது எவ்வளவு பெரிய அறியாமை!

கல்லே ஒத்துழைக்காத நாடுகளும் உண்டு. கொமரலிங்கத்துச் சிறுவர்கள் வெங்கச்சாங்கல் இரண்டை இருட்டில் உரசி ஒளி வரவழைத்து விளையாடுவார்கள். அக்கல் கடினமானது, கூர்மையாக உடைவது. ஆனால், உள்ளே மறைந்திருக்கும் விரிசல்களின் வழியே நினைத்தபடியெல்லாம் பிளந்துவிடும். அதிலிருந்து நீண்ட அம்பு முனையைத் தட்டி எடுப்பது கடினம். தென்பாண்டி நாட்டின் செம்மணல் தேரிகளில் வாழ்ந்த வேட்டையர் இவ்வகைக் கல்லையும் செர்ட்டையும் கொண்டே தொழில் நடத்தினர். அவர்களுடைய கருவிகளைப் பற்றிச் சாய்னரும் பிரிஜெட் ஆல்ச்சினும் 1956இல் ஆய்வு வெளியிட்டனர். பிறைவடிவத் துண்டுகள், அகன்ற வாயுடைய அம்பு முனைகள் என விரல் நகமளவுக் கருவிகள் அங்கே மிகுதி. இத்தகைய நுண்கற்களை மரத்தண்டிலோ எலும்பிலோ பிசின் வைத்துப் பதித்துப் பயன்படுத்துவது வழக்கம். ஒரு துண்டு உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். பெரிய கல் தராததைச் சிறிய கற்கள் சேர்ந்து தந்தன.

இலங்கையின் களுத்துறை மாவட்டத்திலுள்ள ஃபாகியன் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோரும் வெங்கச்சாங்கல்லில் நுண்கருவிகள் செய்தனர். அம்பு முனைகளுக்கோ அவர்கள் எலும்பைத் தேர்ந்தெடுத்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்கள் கல்லோடு மல்லுக்கு நிற்கவில்லை. பொருளையே மாற்றிக்கொண்டார்கள் என்பது என் கருத்து.

“அப்படியானால் விடாமுயற்சி வேண்டாமா?” என்று சிலர் கேட்கலாம். வேண்டும். ஆனால் முயற்சியைக் கைவிடாமல் இருப்பது வேறு. முறையைக் கைவிடாமல் இருப்பது வேறு. தேர்வில் தோற்ற பாடத்தை அதே முறையில் பத்துத் தடவை உருப்போடுபவனுக்கும் படியின் மேலேயே அடிப்பவனுக்கும் வேறுபாடில்லை. எதிர் ஓரத்தைத் தேடுபவனே உண்மையில் முயல்கிறவன்.

இவ்வளவையும் அறிஞர்கள் எப்படி அறிந்தார்கள்? தாங்களே கல்லெடுத்துத் தட்டிப் பார்த்தும், உதிர்ந்த சில்லுகளை மூலக்கல்லோடு பொருத்திப் பார்த்தும் அறிந்தார்கள். அழகாக முடிந்த முனையில் அதன் வரலாறு மறைந்துவிடுகிறது. கடைசிச் சில்லுகளின் தடம் முந்தைய தடங்களை அழித்துவிடுகிறது. பாதியில் உடைந்த முனையிலோ, எங்கே பிசகியது, எத்தனை முறை திருத்தப் பார்த்தான், எப்போது கைவிட்டான் என்பதெல்லாம் கல்லில் எழுதிய எழுத்தாகவே நிற்கின்றன.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் அகழாய்வுகள் நடைபெற்றன. பேராசிரியர் கா. ராஜன் உள்ளிட்டோர் அங்கே பெரும் மணித்தொழில் நடந்ததை உறுதி செய்தனர். எதைக்கொண்டு? முழுமையான மணிகளை மட்டும் கொண்டா? இல்லை. மணிகள் வணிகர் வழியாக எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் கற்சில்லுகள், துளையிடாத மணிகள், பாதியில் உடைந்தவை ஆகிய ‘கழிவுகளை’ எந்த வணிகரும் சுமந்து வரமாட்டார்! பச்சைக்கல்லுக்குப் பெயர்பெற்ற நம் படியூர் அங்கிருந்து தொலைவில் இல்லை. கொங்கு நாட்டின் தொழில் பெருமைக்கு இன்று சாட்சி சொல்பவை, அன்று தோல்வி என்று வீசப்பட்ட கற்களே ஆகும்.

ஆயினும் நாம் செய்வது என்ன? பழைய இடங்களுக்குச் சுற்றுலா செல்கிறோம். வண்ண மணியையும் வடிவான கல்லையும் பைக்குள் போட்டுக்கொள்கிறோம். உடைந்ததைக் காலால் தள்ளுகிறோம். இரண்டும் பிழை. அழகியதை எடுத்தால் அதன் இடம் அழிகிறது. உடைந்ததை ஒதுக்கினால் அதன் செய்தி அழிகிறது. மேடுகளைச் சமப்படுத்தி மனைகளாக்கும் இக்காலத்தில் எஞ்சியவற்றையேனும் காப்பது நம் கடமையன்றோ? சில்லுகள் சிதறிய இடத்தைக் கண்டால் கல்லை அசைக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, வரலாற்றுத் துறை ஆசிரியர் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். நம் அருங்காட்சியகங்களும் முழுமையான கருவிக்குப் பக்கத்தில் உடைந்த கருவி ஒன்றையும் வைத்து, அது எப்படி உடைந்தது என்று எழுதி வைக்க வேண்டும்.

‘கல்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ‘கற்றுக்கொள்’ என்றும் பொருள் உண்டு. உடைந்த கல்லுக்கும் அப்பெயர் பொருந்தும்.