திரைக்குள் ஒளிந்திருக்கும் முகவரி

அரக்கோணத்திலிருந்து சென்னை செல்லும் மின்சார ரயிலில், நேற்று வெளியான படத்தை இன்று கைபேசியில் பார்ப்பவர்களைக் காண்கிறோம். அந்தத் திருட்டுப் பிரதி ஏதோ ஒரு திரையரங்க இருக்கையில் பிறந்தது. எந்த அரங்கு என்பதைப் படமே காட்டிக்கொடுக்கும். டிஜிட்டல் திரையீட்டில் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத குறியீடு காட்சியோடும் ஒலியோடும் கலந்து வருகிறது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் வகுத்த டி.சி.ஐ. தரத்தின்படி 30 நிமிடத் துண்டு கிடைத்தாலே, திரையிட்ட கருவியையும் நேரத்தையும் கண்டறியலாம். 2024 ஜூலையில், 'ராயன்' படத்தைத் திருவனந்தபுரம் அரங்கில் பதிவுசெய்ததாக மதுரையைச் சேர்ந்த ஒருவர் கைதானார்.

2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அபராதம் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். சட்டத்தில் குறையில்லை. ஆனால் குறியீடு அரங்கைத்தான் சொல்லும், கைபேசியை உயர்த்திப் பிடித்த ஆளைச் சொல்லாது. அவரைத் தடுக்க வேண்டியவர்கள் அரங்க ஊழியர்கள். அவர்களுக்குப் பயிற்சியும், மாவட்ட சைபர் குற்றப் பிரிவுகளுக்கு இக்குறியீட்டைப் படிக்கும் வசதியும் தேவை. அரசும் தயாரிப்பாளர்களும் சேர்ந்து இதைச் செய்ய வேண்டும். வாசகர்களே, திருட்டுப் படத்தின் இணைப்பு உங்கள் கைக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.