வெள்ளை பூட்சுக்காக விஷப்புகையா?

பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒரு நாள் வெள்ளை டிரஸ், வெள்ளை கேன்வாஸ் பூட்ஸ். அதற்கு முந்தின ராத்திரி சென்னையில் பல வீட்டு பாத்ரூமில் நடப்பது சலவை அல்ல. ரசாயன யுத்தம்!

சேறு அப்பிய ஷூவை பக்கெட்டில் போடுகிறார்கள். பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டுகிறார்கள். கறை போகலையா? கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டில் கொஞ்சம் ஊத்து! எல்லாம் அழுக்கு போக்குகிற சமாச்சாரம்தானே என்ற நினைப்பு.

தாய்மார்களே, பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டு ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் ராணுவம் எதிரிகள் மீது அவிழ்த்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிட கனமானது. மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் குந்தி உட்கார்ந்து தேய்க்கிறவர் மூக்குக்கு நேரே! கண் எரியும். தொண்டை அடைக்கும். அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே உலை வைக்கும். அப்படி நெடி அடித்தால் பக்கெட்டைத் தூக்கிக் கொட்டப் போகாதீர்கள். போட்டது போட்டபடி வெளிக்காற்றுக்கு ஓடுங்கள். மூச்சு திணறினால் 108-க்கு போன்.

இந்த ஆசிட் எப்படி வீட்டுக்கு வருகிறது? வாங்குகிறவர் பெயர், விலாசம் எழுத பதிவேடு இல்லாமல் கடையில் ஆசிட் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குத் தரவே கூடாது என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறவரிடம் எந்தப் பதிவேடு இருக்கும்?

மஞ்சள் பூத்த மர்மம்!

சரி, இத்தனை பாடுபட்டாவது ஷூ வெளுக்கிறதா? அதுவும் இல்லை. போர் தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தால், பிளீச்சிங் பட்டதும் துணியில் பழுப்புக் கறையாகப் படியும். நூல் நைந்து போகும். காசையும் கொடுத்து, ஷூவையும் கெடுத்த கதை.

வெளுக்க வழி சுலபமானது. ஈரச் சேற்றைத் தேய்க்காதீர்கள், துணிக்குள் இறங்கிவிடும். காயவிட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். லேஸை உருவித் தனியாக ஊறப்போடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு ஸ்பூன் சோப்புத் தூள், பழைய பல் பிரஷ். போதும். ரப்பர் ஓரத்துக்கு டூத் பேஸ்ட். ஆப்பசோடாவும் வினிகரும் சேர்த்துப் போடச் சொல்லும் மேதாவிகள் உண்டு. நுரை பொங்குமே தவிர, ஒன்றை ஒன்று முறித்துவிடும். வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

முக்கியமானது அலசுவது. சோப்பு தங்கினால்தான் காயும்போது மஞ்சள் பூக்கும். நுரை அடியோடு போகிறவரை நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். கடைசி பக்கெட்டில் ரெண்டு சொட்டு நீலம். காயப்போடும்போது மேலே வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் சுற்றினால், வெளியே வரும் மஞ்சள் பேப்பரில் ஏறும். ஷூ தப்பிக்கும். சுள்ளென்ற வெயில் வேண்டாம், பசை விட்டு அடி பிளந்துவிடும். காற்றோட்டமான நிழல் உத்தமம். உள்ளே திணிக்க இந்தப் பேப்பரையும் கிழிக்காதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும்!

டிரில் மாஸ்டர்கள் கவனத்துக்கு

தாய்மார்களை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பிரேயர் வரிசையில் பையன் காலைக் குனிந்து பார்த்து, "வெளியே நில்லு" என்கிற மாஸ்டர்கள் இருக்கிறார்களே, அந்தப் பயம்தான் பிளீச்சிங் டப்பாவைத் திறக்க வைக்கிறது. பிள்ளைகளை உடம்பாலோ மனதாலோ வதைக்கக் கூடாது என்று 2009-ம் வருஷத்து கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில் சொல்கிறது. எல்லார் முன்னாலும் தனியாக நிறுத்தி வைப்பது வேறு என்னவாம்?

நிற்கிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை? ஒரே ஜோடி ஷூ உள்ள வீடு. கொடி கட்ட இடமில்லாத ஒண்டுக்குடித்தனம். பள்ளம் தோண்டிப் போட்ட தெருவில் நடந்து வருகிற பிள்ளை. காரில் வந்து இறங்குகிற பையனின் ஷூ அழுக்காவதில்லை. அதை ஒழுக்கம் என்று கணக்கில் எழுதுவது என்ன நியாயம்? பையன் ஓடுகிறானா, குதிக்கிறானா என்று பார்க்க வேண்டியவருக்கு ஷூவின் கலரில் என்ன வேலை?

வடகிழக்குப் பருவமழையில் கேன்வாஸ் ஷூ ஒரே ராத்திரியில் காயாது. ஈர ஷூவோடு நாளெல்லாம் இருந்தால் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெள்ளை ஷூ கட்டாயமில்லை, வீட்டில் எது காய்ந்திருக்கிறதோ அதைப் போட்டு வரலாம் என்று ஹெட்மாஸ்டர்கள் ஒரு சர்க்குலர் விடட்டும். அரைத் தாள் செலவுதான்.