பழைய கொலு பொம்மைக்குப் புது பெயிண்ட் வேண்டாம்



ஆவணி பிறந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் பரணிலிருந்து கொலுப் பெட்டிகள் கீழே இறங்கும். திறந்தால் ஒரு பொம்மைக்கு மூக்கு போயிருக்கும், ஒன்றுக்குக் கை கழன்றிருக்கும், பாதிக்கு நிறம் மங்கியிருக்கும். உடனே வீட்டில் இரண்டு யோசனைகள் கிளம்பும். "பின்னமானதை வீட்டில் வைக்கக்கூடாது, அரசமரத்தடியில் வைத்துவிட்டு வா" என்பது ஒன்று. "எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்துப் புதுசாக்கிவிடலாம்" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அதிலும் இரண்டாவதைத்தான் கூடுதலாக எதிர்ப்பேன். டீச்சர் ஆரம்பித்துவிட்டார் என்று சிரிக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

எங்கள் அம்மாவின் பொம்மைகள் பாதி என்னிடம், பாதி சென்னையில் அண்ணன் வீட்டில். என் பங்கு 37. பணி ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்துச் சரி செய்தேன், இரண்டு வருடம் ஆயிற்று. அண்ணன் வீட்டுப் பெட்டிகள் அம்மா போன பிறகு திறக்கப்படவே இல்லை. இப்போது அண்ணன் மருமகள் திறந்திருக்கிறாள். "அத்தை, 42 பொம்மைக்கும் சேர்த்து ஒரு பெயிண்டர் விலை சொல்லியிருக்கிறார், தங்கக் கலர் அடித்துக் கல் ஒட்டித் தருவாராம், கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் ஒருவரும் அந்தப் பெட்டியை எட்டிப் பார்க்காதபோது, கொலு வைக்க வேண்டும் என்று நினைத்தவள் அவள்தான். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளைப் போல் கேட்பவர்கள் இன்னும் நான்கு பேராவது இதைப் படிப்பவர்களில் இருப்பீர்கள்.

அந்தக் காலத்து மண் பொம்மை எப்படி உருவானது என்று பாருங்கள். களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, காயவைத்து, சூளையில் சுட்டு, மேலே வெள்ளை பூசி, அதன் மேல் பிசின் கலந்த வண்ணம் தீட்டுவார்கள். அச்சு ஒன்றேதான். பண்ருட்டியானாலும் காஞ்சிபுரமானாலும் மதுரை பக்கத்து விளாச்சேரியானாலும், ஒரே அச்சில் வந்த இரண்டு கிருஷ்ணருக்கு முகம் வேறுவேறாக இருப்பது கண்ணும் புருவமும் எழுதிய கையால்தான். அதன் மேல் எனாமல் பெயிண்டை ஏற்றினால் முதலில் போவது அந்தக் கண். கெட்டியான பெயிண்ட் மூக்கின் கூர்மையையும் விரல் இடுக்குகளையும் மூடிவிடும். எல்லாப் பொம்மைக்கும் ஒரே முகம், ஒரே பளபளப்பு. சரஸ்வதிக்கும் செட்டியாருக்கும் வித்தியாசம் வீணையும் தொந்தியும் மட்டும்தான் என்றாகிவிடும். பிடிக்கவில்லை என்று பிறகு சுரண்டினால் அடியில் இருந்த பழைய வண்ணமும் கூடவே உரிந்து வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மா ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். "1964, மாயவரம், ரூ. 1.75." "1971, பெரியவன் பிறந்த வருஷம்." பெயிண்டர்கள் பொம்மையைக் கவிழ்த்து அடியில்தான் முதல் கோட் அடிப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் கையெழுத்து வேறு எதிலும் மிஞ்சவில்லை, ரேஷன் கார்டில்கூட அப்பா கையெழுத்துதான்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கவனியுங்கள். ஏற்கெனவே எனாமல் அடித்த பழைய பொம்மையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் எவ்வளவு ஈயம் இருந்தது என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. தேய்த்த தூள் தரையில் படியும், தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் தண்ணீர் காட்டாமல் மென்மையான ஓவியத் தூரிகையால் தூசு தட்ட வேண்டும். பிறகு பஞ்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துப் பொம்மையின் முதுகில், கண்ணில் படாத இடத்தில் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அது தண்ணீர் வண்ணம். அந்தப் பொம்மைக்கு ஈரத்துணி ஆகவே ஆகாது. காகிதக்கூழ் பொம்மைக்கும் அப்படித்தான், ஈரம் பட்டால் ஊறி உப்பும். உடைந்த துண்டு கிடைத்தால் ஃபெவிகால் போட்டு நூலால் கட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். துண்டு கிடைக்காமல் குழி மட்டும் இருந்தால், சாக்பீஸை நுணுக்கி ஃபெவிகாலில் குழைத்து அடைத்தால் போதும் (முப்பத்தைந்து வருடம் சாக்பீஸ் தூளைச் சுவாசித்ததற்கு அதனால் ஒரு பயனாவது இருக்கட்டும்). எம்-சீல் உறுதியானது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒட்டியது கோணலாகிவிட்டால் ஃபெவிகாலை ஈரம் காட்டி இளக்கலாம், எம்-சீலை உடைத்துத்தான் எடுக்க முடியும். அடைத்த இடத்துக்கு மட்டும் பக்கத்து நிறத்தைக் கலந்து தொடுங்கள். கண் நன்றாக இருந்தால் கண்ணைத் தொடவே தொடாதீர்கள். காயவைப்பது நிழலில்.

"அப்போது அலங்காரமே கூடாதா, அத்தை?" என்றாள். தாராளமாகச் செய்யலாம், அதற்கென்றே பிறந்தது மரப்பாச்சி. மண் பொம்மைக்குப் புடவை வண்ணத்திலேயே இருக்கிறது. மரப்பாச்சி வெறும் மரமாக வருகிறது, வருடா வருடம் நாம்தான் உடுத்த வேண்டும். என் மரப்பாச்சி ஜோடி ராஜா ராணியாக வந்தது. பிறகு பாரதியும் செல்லம்மாளும் ஆயிற்று, ஒரு வருடம் தபால்காரரும் நர்ஸம்மாவும் ஆயிற்று. ஜாக்கெட் தைத்து மீந்த துணி, பழைய பட்டுக் கரை, கறுப்பு நூலில் சவுரி, இவ்வளவுதான் செலவு. போன வருடம் தூய்மைப் பணியாளர் உடை தைத்தேன். படியின் முன் நின்ற பிள்ளைகள் அம்பாளை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள். ஒட்டுவதை மட்டும் தவிர்த்துவிட்டு, கட்டுவதும் தைப்பதுமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேத்தி அவிழ்த்துவிட்டு வேறு உடுத்தட்டும். பழைய மரப்பாச்சியை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள். செம்மரம் இன்று கட்டுப்பாட்டில் உள்ள மரம், கடையில் கிடைப்பவற்றில் பல வேறு மரத்தில் சாயம் ஏற்றியவை.

பின்னம் பற்றி ஒரு வார்த்தை. பிரதிஷ்டை செய்த விக்கிரகத்துக்கு உள்ள விதியைக் கொலுப்படியில் நிற்கும் வளையல்காரிக்கும் வைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் ஆவாகனம் கலசத்துக்குத்தான். மனம் ஒப்பாதவர்கள் சாமி பொம்மையைக் குளத்தில் போடாமல் (அந்த பெயிண்ட் எல்லாம் மீனுக்கா?) தனியாக எடுத்து வைத்துக் கேட்பவருக்குக் கொடுங்கள்.

பழையதையே சரி செய்துகொண்டிருந்தால் பொம்மை செய்பவர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. வருடத்துக்கு ஒரு புது பொம்மை வாங்கும் வழக்கத்தை நான் விடவில்லை. கேட்டையும் சுவரையும் பூசுகிறவரிடம் 42 பொம்மைக்குக் கொடுக்கிற பணத்தில் பாதியை, பண்ருட்டியிலோ விளாச்சேரியிலோ பொம்மை செய்கிறவரிடம் கொடுத்து, சிதைந்த ஏழெட்டை மட்டும் செப்பனிட்டுத் தரச் சொல்லலாமே. கண் எழுதத் தெரிந்த கை அங்கேதான் இருக்கிறது. கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் முன்னாலும் பின்னாலும் அடியிலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கொலு முடிந்து கட்டிவைக்கும்போது பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியும் கொஞ்சம் வசம்பும் போதும்.

கடைசியாக ஓர் உதவி. என்னிடம் உள்ள தசாவதார செட்டில் வாமனரின் குடை போயிருந்தது, ஈர்க்குச்சியும் பனையோலையும் வைத்துச் செய்துவிட்டேன். கூர்மாவதாரம் மட்டும் இல்லை, ஒன்பது பேர்தான் நிற்கிறார்கள். அரையடி உயரம், மண், பச்சை ஓடு. உடைந்துபோன செட்டில் தனியாக நிற்கும் கூர்மம் யார் வீட்டிலாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஓட்டில் விரிசல் இருந்தாலும் பரவாயில்லை.